ரோஷமுள்ளது ஒட்டிக்கொள்ளும்

பேராசிரியர் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். உள்ளே இரண்டு வகை ஃபுல்லரீன்கள், அதாவது கூண்டு வடிவக் கார்பன் மூலக்கூறுகள். இரண்டிலும் அதே எண்பத்துநாலு கார்பன் அணுக்கள், அவை அடுக்கப்பட்ட விதம் மட்டும் வேறு. இவை பிரிந்தால்தான் ஆய்வுக்கூடம் அடுத்த ஆண்டும் திறந்திருக்கும். அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே மாணவியோ நேற்று வரை வெறுமனே கலக்கிக்கொண்டே இருந்தாள்.

வாசலில் அந்த முகத்தைக் கண்டதும் பாய்ந்தார். "எத்தனை வாட்டிம்மா சொல்றது? அமீன் தூளைப் போட்டுக் கலக்கு. ரோஷமுள்ளது தூள்ல ஒட்டிக்கும், சாது கரைசல்லயே தங்கிடும். சீண்டினாத்தான் எது எதுன்னு தெரியும்!"

"சார், நான் வந்து..."

"பேசாதே! ஒரே மாதிரி இருக்கற ரெண்டைப் பிரிக்கத் துப்பில்லை, கோட்டுகூடப் போடாம வந்து நிக்கறே!"

அவள் தலைகுனிந்து நின்றாள். அவருக்கே வியப்பாகிவிட்டது.

"நேத்து இதுல பாதி திட்டினதுக்கே கையுறையைக் கழட்டி வீசிட்டுப் போனே. இன்னிக்கு என்ன திடீர்ப் பொறுமை?"

"வீசினது அக்கா சார். நாங்க ரெட்டைப் பிள்ளைங்க."

அவள் ஆய்வுக்கூடச் சாவியை மேசைமேல் வைத்தாள்.

"அவ எதிர் லேப்ல சேர்ந்துட்டா. இதைக் குடுத்துட்டு வரச் சொன்னா."