நான்காவது நேர்காணல்

"லைட்டு என்ன கலர்ல எரியுதுண்ணா?"

"பச்சை."

"பச்சைன்னா நல்லதுதானே?"

"நல்லா எரியும், வேலைக்கு ஆகாது. என்னை மாதிரி," என்றேன்.

தங்கை சிரிக்கவில்லை. அவள் மடிக்கணினியில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மணி மூன்று ஐந்து. மூன்று மணிக்கு அவளுக்கு நேர்காணல்.

வேறொரு நாட்டில், ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை. கிடைத்தால் அடுத்த மாதமே கிளம்பிவிடுவாள்.

இதற்கு முன் மூன்று நேர்காணல்கள் இப்படித்தான் போயின. கேள்வி பாதியில் உறைந்துவிடும். எதிர்முனையில் இருப்பவர் வாயைத் திறந்தபடியே நிற்பார். இரண்டு நாள் கழித்து, வருந்துகிறோம் என்று தொடங்கும் மின்னஞ்சல் ஒன்று வரும்.

நான் நாற்காலியில் ஏறி, அலமாரி மேலிருந்த ரௌட்டரின் ஆன்டெனாக்களைத் திருப்பினேன். ஒன்றை நேராக, மற்றதைச் சாய்வாக.

கைபேசி சிக்னல் இந்த அடுக்குமாடியில் எங்கள் தளத்துக்குள் வருவதில்லை. ஜன்னல் கம்பியை ஒட்டி நின்றால் ஒரு கோடு வரும், அதுவும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றால். இந்தப் பெட்டியை விட்டால் எங்களுக்கு வெளியுலகம் கிடையாது.

அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. கம்பெனி போட்டுக் கொடுத்த மென்பொருளை அழித்துவிட்டு, முகம் தெரியாத சிலர் சேர்ந்து எழுதி இலவசமாக விட்டிருந்த வேறொன்றை அதில் ஏற்றியவன் நான். பழையதில் போடலாம், அணைக்கலாம், அவ்வளவுதான். புதியதில் யாருக்கு, எந்த நேரத்தில், எவ்வளவு வேகம் என்பது வரை சொல்லிவைக்கலாம். இந்த வீட்டில் என் பேச்சைக் கேட்கும் ஒரே ஜீவன் அது.

உள்ளறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"டேய், நெட்டு வந்து என்னைத் திருப்பிப் போடுமா, இல்ல நீங்க வர்றீங்களா?"

இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் அவர் படுத்து இரண்டு வருடமாகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். தனி ஆளால் முடியாது. அவள் தோளைப் பிடிப்பாள், நான் இடுப்பைப் பிடிப்பேன்.

போய்த் திருப்பிவிட்டு வந்தோம். போர்வையை இழுத்துவிட்டு, தலையணையைத் தட்டி வைத்து, அவர் சொன்ன ஏதோ ஒன்றுக்கு நின்று பதிலும் சொல்லிவிட்டு வந்தாள் தங்கை. நேர்காணலைத் தவறவிட்டுக்கொண்டிருப்பவளுக்கு எங்கிருந்து இவ்வளவு நிதானம் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

என் கணினியில் ரௌட்டரின் பக்கங்களைத் திறந்தேன்.

"பக்கத்து வீட்டுக்காரங்க அலை வந்து மோதுது," என்று சேனலை ஆறிலிருந்து பதினொன்றுக்கு மாற்றினேன். வட்டம் சுற்றியது.

"சூடாயிருச்சு போல," என்று அணைத்துப் போட்டேன். வட்டம் சுற்றியது.

ஒரே ஒரு பக்கத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் திறந்து திறந்து மூடினேன்.

"அப்பா போன்ல பாட்டு நிக்காம ஓடுதுண்ணா."

"பாட்டுக்கு என்ன, கொஞ்சம் நெட்டு இருந்தாப் போதும்." என் குரல் எனக்கே ரேடியோ அறிவிப்பாளர் குரல் போலக் கேட்டது. "பேசாம அவங்களுக்கு ஒரு மெயில் போடு. வேற நாள் குடுப்பாங்க."

"எதுக்கு? இன்டர்வியூ நாலு மணிக்குதான்."

நான் திரும்பவில்லை.

"உன்கிட்ட மட்டும்தான் மூணுன்னு சொன்னேன்."

ஒவ்வொரு நேர்காணலுக்கும் முந்தின நாள் அவள் முதலில் என்னிடம்தான் வந்து நேரத்தைச் சொல்வாள். நெட்டைக் கொஞ்சம் பாத்துக்கோண்ணா என்பாள். பார்த்துக்கொள்கிறேன் என்பேன். அவள் அந்தப் பக்கம் போனதும் உட்கார்ந்து, ரௌட்டரின் அந்த ஒரு பக்கத்தைத் திறந்து ஒரு வரி எழுதுவேன்.

நேற்று எழுதிய வரி இதுதான். தங்கச்சி. வியாழன். மூன்று முதல் நான்கரை வரை. வேகம், பேருக்கு மட்டும்.

முதல் முறை எழுதியபோது, இந்த ஒரு தடவை மட்டும் என்று நினைத்துக்கொண்டது நினைவிருக்கிறது.

அவள் திட்டவில்லை. அழவும் இல்லை. மேசையில் சான்றிதழ்களைச் சேர்த்துப் பிடித்திருந்த ஜெம் கிளிப்பை உருவி, பல்லால் கடித்து நிமிர்த்தினாள். பிறகு நாற்காலியில் ஏறி, ஒயர் அறுந்துவிடாமல் ரௌட்டரை மெல்ல இறக்கி என் மடியில் வைத்தாள். உடம்பு சரியில்லாத பூனையைப் போல அது கதகதவென்றிருந்தது.

அதன் முதுகில் ஒரு துளை உண்டு. பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் நான் எழுதியது மொத்தமும் போய்விடும். மறுபடி இணைப்பதற்கான பெயரும் கடவுச்சொல்லும் எனக்கு மனப்பாடம். ஐந்து நிமிட வேலை.

மணி மூன்று முப்பத்தொன்று.

உள்ளறையில் அப்பா பாட்டோடு சேர்ந்து முனகிக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் அவர் இடுப்பைப் பிடித்தபடி, எதிரே தோளைப் பிடிக்க ஆளில்லாமல் நான் நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது.

தங்கை நிமிர்த்திய கிளிப் கம்பியை என் விரல்களுக்குள் வைத்து மூடினாள்.

"உள்ள நீ என்ன எழுதிவச்சிருக்கேன்னு நான் பாக்க மாட்டேன். நானே அழுத்தியிருப்பேன்... நீ அழுத்துண்ணா."