ஆறாவது கையெழுத்து

அகராதி அலுவலகத்தில், சொந்தப் புத்தியில் நடப்பவரைக் குறிக்கும் சொற்களை ஆறு பேர் உட்கார்ந்து திரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சுயசிந்தனையாளர், தனிவழிக்காரர்... இன்னும் சொல்லுங்கப்பா" என்றார் பதிப்பாசிரியர்.

அந்த நேரம் பார்த்து மேலாளர் ஒரு தாளோடு வந்து நின்றார். "முதலாளி அனுப்பினார். எல்லாரும் உடனே கையெழுத்துப் போடணுமாம்."

"அச்சுக்குப் போற பக்கமா இருக்கும்" என்று பதிப்பாசிரியர் முதல் ஆளாகப் போட்டார். அடுத்த நால்வரும் மளமளவென்று போட்டார்கள். தாள் கடைசியாகப் பிழை திருத்தும் பெண்ணிடம் வந்து நின்றது.

"படிச்சுட்டுப் போடறேன் சார்."

"முதலாளி அனுப்பினதுல படிக்க என்னம்மா இருக்கு?" என்றார் மேலாளர்.

"அடங்காப்பிடாரி" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"தலைக்கனம் பிடிச்சவ" என்றது இன்னொரு குரல்.

"விதண்டாவாதி!"

"விடாம எழுதிக்கோங்க, நம்ம பட்டியலுக்கு ஆகும்" என்றார் பதிப்பாசிரியர். அறையே சிரித்தது.

அவள் சிரிக்கவில்லை. தாளை உரக்கப் படித்தாள்: "கீழே கையெழுத்திட்டுள்ள நாங்கள், எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில், இன்றோடு வேலையிலிருந்து விலகிக்கொள்கிறோம்."

அவள் கையிலிருந்த தாளை மேலாளர் வெடுக்கென்று பிடுங்கி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அஞ்சு பேர் போட்டாச்சு. போதும்" என்று நடையைக் கட்டினார்.

முப்பது வருடம் பிறர் எழுத்தில் குற்றம் கண்டுபிடித்த பதிப்பாசிரியர், அவளைக் கெஞ்சலாகப் பார்த்தார்.

"அதுல ஒரு பிழையாவது இருந்துச்சாம்மா?"

"ஒண்ணுகூட இல்ல சார்."