ஆள் குறையாமல்

அன்று சோதனைக்கு வந்த அதிகாரிகள் இரண்டு பேரா, மூன்று பேரா என்பது இப்போது சரியாக நினைவில்லை. அவர்களில் ஒருவர் இரும்பு அளவுகோலை வேண்டுமென்றே தரையில் போட்டார் என்பது மட்டும் நிச்சயம்.

பட்டறையே தூக்கிவாரிப் போட்டுத் திரும்பியது. மடிப்பு மேஜையில் இருந்த, முதலாளியின் தங்கைக்குக் கண் தெரியாது. அவளும் பதறிப்போய்க் கையிலிருந்த விரிப்பை நழுவவிட்டாள். எதிரே பார்சல் கட்டிக்கொண்டிருந்த மௌனி மட்டும் டேப்பை இழுத்து ஒட்டியபடியே இருந்தான்.

"பாவம், சுத்தமா கேக்கல," என்றார் அதிகாரி.

ஆஸ்பத்திரிகளுக்குப் படுக்கை விரிப்பு தைக்கிற பட்டறை அது. அக்காதான் முதலாளி. வேலை செய்பவர்களில் நாலுக்கு மூன்று பேராவது மாற்றுத்திறனாளியாக இருந்தால்தான் அரசாங்க டெண்டரில் நிற்க முடியும் என்பது சட்டம்.

அதிகாரி தங்கையின் பக்கம் வந்தார். முகத்துக்கு நேரே அவர் கையை ஆட்டுகிற காற்று அவளுக்குத் தெரிந்தது.

"கண்ணு எப்படிம்மா போச்சு?"

"காய்ச்சல் வந்துச்சு சார். அப்புறம் வெள்ளை படர்ந்துடுச்சு."

"டாக்டர்கிட்ட காட்டலையா?"

"காட்டாம இருப்போமா சார்? ஒண்ணும் பண்ண முடியாதுன்னு கையை விரிச்சுட்டாரு," என்று அக்கா முந்திக்கொண்டாள்.

"சரி, கணக்கு சரியா இருக்கு. ஆனா விளிம்புல நிக்கறீங்க. ஒரு ஆள் குறைஞ்சாலும் டெண்டரை மறந்துட வேண்டியதுதான்."

"குறையாது சார்," என்றாள் அக்கா.

அவர்களை வழியனுப்ப அக்கா வாசலுக்குப் போனாள். மற்றவர்கள் டீ குடிக்கக் கலைந்தார்கள். மேஜையில் தங்கையும் மௌனியும் மட்டும் மிஞ்சினார்கள்.

அடுத்த கட்டு விரிப்பு வேண்டுமென்றால் மௌனி மேஜையில் ஒரு தட்டு தட்டுவான். அவர்களுக்குள் இருந்த பாஷை அவ்வளவுதான். ஆனால் தங்கை அவனிடம் பேசாத பேச்சு கிடையாது. சுவரிடம் பேசுவதைவிட இது மேல் என்பாள்; சுவர் மூச்சு விடாதே.

போன வாரம்கூட, தரை ஜில்லென்று காலைக் கடிக்கிறது என்று அவனிடம்தான் முனகினாள். மறுநாள் காலடியில் ஒரு சாக்கு மடித்துப் போட்டிருந்தது. அக்காவுக்குத்தான் எவ்வளவு கவனம் என்று நினைத்துக்கொண்டாள்.

"உனக்கென்னப்பா, கொடுத்து வச்சவன். என் புலம்பல் எதுவும் காதுல விழாது," என்றபடி விரிப்பின் ஓரத்தை விரலால் தேடிப் பிடித்தாள். "அந்த ஆஸ்பத்திரியில என்னை வெளிய பெஞ்சில உக்கார வச்சுட்டு அக்கா மட்டும் டாக்டரைப் பாக்க உள்ள போனா. திரும்பி வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டவ, வீடு வர்ற வரைக்கும் வாயே திறக்கல. என்னைவிட அவதான் ஒடைஞ்சு போனா."

டேப் இழுபடும் சத்தம் நின்றது.

"இன்னிக்கும் ஒரு ஆசை. அந்த ஆபீசர்கிட்ட, வேற நல்ல டாக்டர் யாராவது இருக்காங்களான்னு கேக்கலாமான்னு இருந்துச்சு. எதுக்கு? வராதுன்னு டாக்டரே சொன்னப்புறம் ஆசைப்பட்டு என்ன ஆகப்போவுது."



"டாக்டர் அப்படிச் சொல்லலைங்க."

ஆண் குரல். கேட்டறியாத குரல். கதவு திறந்த சத்தமோ, யாரும் நடந்து வந்த சத்தமோ இல்லை.

"யாரு? யாரது?"

மேஜையில் ஒரு தட்டு விழுந்தது.

 மூன்று வருஷமாக அவனிடம் கொட்டியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து உடம்பு கூசியது.

"வேலை எங்கயும் கிடைக்கல. காது கேக்காது, பேச்சு வராதுன்னு சொல்லி இங்க சேர்ந்தேன்," என்றான் மௌனி. பேசிப் பழக்கம் விட்டுப்போன தொண்டை கரகரத்தது. "ஆபரேஷன் பண்ணா பார்வை வந்துடும்னுதான் டாக்டர் சொல்லியிருக்காரு. நீங்க இல்லாத நேரம், உங்க அக்கா இங்க நின்னுதான் அவருக்கு ஃபோன் பண்ணாங்க. தங்கச்சி பயப்படுறா, இப்ப வேணாம்னு சொன்னாங்க. ஃபோனை வச்சதும், 'இவளுக்குக் கண்ணு வந்தா ஒரு ஆள் குறையும்'னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டாங்க."

"பொய்," என்றாள் தங்கை. "இத்தனை நாள் செவிடன்னு ஊரை ஏமாத்தினவன் நீ. உன் பேச்சை நம்பி என் கூடப்பொறந்தவளைச் சந்தேகப்படணுமா?"

டேப் மறுபடி இழுபடும் சத்தம் கேட்டது.

அக்காவின் செருப்புச் சத்தம் துள்ளலாக வந்தது. "டெண்டரை வாங்கிட்டோம்டி! இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கவலையில்ல," என்று தங்கையின் தோளைக் கட்டிக்கொண்டாள்.

தங்கை அந்தக் கையை விலக்கவில்லை. அவன் புளுகுகிறான் என்று அக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்த இருட்டோடு காலத்தை ஓட்டிவிடலாம். டாக்டரைப் பற்றித் தங்கை பேச்செடுக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அக்கா, மௌனிக்குக் காது கேக்குமாம். உனக்குத் தெரியுமா?"

தோளில் இருந்த கை கனத்தது. பிறகு மெல்ல விலகியது.

"கேக்கும்னு தெரிஞ்சிருந்தா, இவனை வச்சுக்கிட்டு அந்த டாக்டர்கிட்ட பேசியிருப்பேனா?"