சூடு ஆறும் வரை

வண்டி பார்க்க ஆட்கள் வருவதற்கு அரை மணி முன்பே ரோமல் எஞ்சினை ஓட விட்டுவிட்டான். அடுப்படியில் நின்ற மனைவியிடம் போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"மரிவிக், வந்தவங்ககிட்ட பேச்சை வளக்காதே. சூடு ஆறிச்சுன்னா தொலைஞ்சேன்."

எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது முடுக்கினால் பானெட்டுக்கு அடியில் டிக் டிக்கென்று ஒரு சத்தம் வரும். புகைக்குழாயை எஞ்சின் ஹெட்டோடு இறுக்கிப் பிடிக்கும் ஸ்டட்களில் கடைசி இரண்டு ஒடிந்து போயிருந்தன. அந்த இடுக்கில் புகை கசிகிற சத்தம் அது. சூடேறினால் இரும்பு விரிந்து இடுக்கு மூடிக்கொள்ளும். சத்தமும் அடங்கிவிடும்.

தார்லாக் நகரில் ஒரு பெட்ரோல் பங்க் ஓரத்தில் பேசி முடித்து வாங்கிய பழைய எஸ்யூவி. விற்றவன் ஏன் அவ்வளவு மலிவாகத் தள்ளிவிட்டான் என்பது மறுநாள் காலை அந்தச் சத்தம் கேட்டபோதுதான் ரோமலுக்குப் புரிந்தது.

மெக்கானிக் விளக்கடித்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தான். ஒரு ஸ்டட்டை எப்படியாவது எடுத்துவிடலாம். கடைசி ஸ்டட்டில் எவனோ ஒரு மடையன் தானே துளை போடப் பார்த்து, ட்ரில் பிட்டை உள்ளேயே ஒடித்து வைத்திருக்கிறான். ஒடிந்த பிட்டை இன்னொரு பிட்டால் துளைக்க முடியாது. ஹெட்டையே கழற்றி லேத் பட்டறைக்கு அனுப்ப வேண்டும் என்றான்.

அதற்கு வழி இருந்தால் ரோமல் வண்டியை விற்கவே மாட்டான். கப்பல் வேலைக்குத் திங்கட்கிழமை ஏஜென்சியில் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அந்த இடம் வேறு ஒருவனுக்குப் போய்விடும். விற்பதற்கு வீட்டில் வேறு எதுவும் இல்லை.

வாசல் கேட் சத்தம் கேட்டதும் ரோமல் எஞ்சினை நிறுத்தினான். வந்தவர்கள் இரண்டு பேர். வண்டி வேண்டும் என்று போனில் பேசியவர் செல்சோ, தலை நரைத்தவர். கூட வந்த தடித்த ஆளை அவர் மச்சான் என்று கூப்பிட்டார்.

செல்சோ பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்து, உடனே எடுத்துக்கொண்டார். "நல்ல சூடா இருக்கே, தம்பி."

"காலையில சந்தைக்குப் போயிட்டு வந்தேன்ணே. ஏறுங்க, ஒரு சுத்து போய்ப் பாத்துடலாம்."

அந்த நேரம் பார்த்து மரிவிக் சோற்றுச் சட்டியோடு வெளியே வந்தாள். சாப்பாட்டு வேளையில் வாசலில் நிற்பவர்களைச் சாப்பிடக் கூப்பிட வேண்டும். அவர்களும் இப்போதுதான் சாப்பிட்டோம் என்று சொல்லிவிட வேண்டும். அவள் கூப்பிட்டாள்.

"பசியாத்தான் இருக்கு, தங்கச்சி," என்றார் செல்சோ. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார்.

ரோமல் மனைவியைப் பார்த்த பார்வையில் அவள் கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது.

செல்சோ அவசரமே படவில்லை. மீனில் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டோரம் அடுக்கினார். சினிகாங் ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தார். வண்டியின் விலையைப் பற்றியோ காகிதங்களைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. மச்சான் மட்டும் வாசலைப் பார்த்து உட்கார்ந்து பேருக்குக் கொறித்துக்கொண்டிருந்தான்.

வெளியே இரும்பு ஆறிக்கொண்டிருந்தது. வெயிலில் வண்டி கொதிக்கும், ஏசியைப் போட்டு வைக்கிறேன் என்று ரோமல் சாவியோடு எழுந்தான்.

மச்சான் காலை நீட்டி வழியை அடைத்தான். "உக்காருங்க தம்பி. வீட்டுக்காரரு எழுந்துட்டா விருந்தாளி எப்படிச் சாப்பிடுறது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ரோமல் உட்கார்ந்துவிட்டான்.

சாப்பிட்டு முடிந்ததும் செல்சோ காபி கேட்டார். அதையும் ஊதி ஊதிக் குடித்தார். பக்கத்து வீட்டில் யாரோ கரோக்கே மைக்கைப் பிடித்துப் பாட ஆரம்பித்தார்கள். இன்னும் சத்தமாகப் பாடித் தொலைக்கட்டும் என்று ரோமல் வேண்டிக்கொண்டான். எல்லோரும் முற்றத்துக்கு வந்தபோது பாட்டு முடிந்துவிட்டது.

செல்சோ மறுபடி பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். இந்த முறை கையை எடுக்கவில்லை. பிறகு சாவியை வாங்கி முடுக்கினார்.

டிக். டிக். டிக்.

மரிவிக் தரையைப் பார்த்தாள். செல்சோ காறித் துப்பிவிட்டுக் கிளம்புவார் என்று ரோமல் காத்திருந்தான். அவர் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு எஞ்சினை நிறுத்தினார். பானெட்டைத் திறந்து, புகைக்குழாய்க்குப் பின்னால் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார்.

"விலையைக் குறைச்சுக்கறேன்ணே," என்றான் ரோமல். "நீங்க சொல்ற விலைக்கே எடுத்துக்குங்க."

செல்சோ கையை வெளியே எடுத்தார். விரல்களில் கரி. "கடைசி ஸ்டட்டுக்குள்ள ட்ரில் பிட் ஒடிஞ்சு நிக்குதே."

"அது நான் பண்ணது இல்லண்ணே. எனக்கு முன்னாடி வெச்சிருந்த மடையன் பண்ண வேலை."

செல்சோ விரல்களைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார். மச்சான் அதற்குள் வாசல் கேட்டைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தான். செல்சோ அவன் பக்கம் திரும்பினார். இப்போது மச்சான் என்று கூப்பிடவில்லை.

"சார், அந்த மடையன் நான்தான். ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்தேனே, திருடு போன என் வண்டி இதுதான்."