நிப்பாட்டக் கூடாத இடம்

“கிளச்சில காலை வச்சுக்கொண்டிருக்காதீங்கோ ஜனா. பிளேட் எரிஞ்சு போயிடும்.”

ஜனாவுக்குச் சிரிப்பு வந்தது. ஜீப் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற அவன் மனைவி மிதுனா, இன்று அவனுடைய பாடத்தை அவனுக்கே படிப்பிக்கிறாள்.

பாமன்கடை றோட்டைக் காணவில்லை. இரண்டு பக்க மதில்களுக்கு நடுவே மண்நிறத் தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளம் தொடங்கும் இடத்திலேயே வண்டியை முழுதாக நிறுத்தி, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, சின்ன லீவரை லோ ரேஞ்சுக்கு இழுத்துவிட்டுத்தான் ஜீப்பைத் தண்ணீருக்குள் இறக்கியிருந்தான். நாலு சில்லும் ஒரே பிடியாக, ஜீப் நடை வேகத்தில் ஊர்ந்தது.

“பாத்தீரே? அலைகூட எழும்பேல்ல!”

“போன வருசமும் இது தெரிஞ்சிருந்தா...” மிதுனா முடிக்கவில்லை.

போன வருட வெள்ளத்தின்போது அவளுக்கு ஆறாம் மாதம். வலியில் துடித்தவளுக்கு முன்னால், அவர்களோடு இருக்கும் ஜனாவின் அம்மா நேசமலர் ஜீப்பின் திறப்புச் சாவியைக் கைக்குள் பொத்திக்கொண்டார். “புது வாகனம் தம்பி. தண்ணிக்குள்ள இறக்கினா எஞ்சின் போயிடும். வடியட்டும்.”

வெள்ளம் வடிந்தது. பிள்ளை தங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் ஜனா ஞாயிறு தோறும் இரத்மலானைக்குப் போய், ஒரு வெறுங்காணிச் சேற்றில் இந்த ஓட்டத்தைப் பழகினான். பழகியதையெல்லாம் வந்து அவளுக்குச் சொல்வான்; அவள் ஒருநாளும் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. இன்றுதான் வாய் திறக்கிறாள். அவள் என்ன சொன்னாலும் கேட்கிற நிலையில் இருந்தான் அவன்.

மிதுனாவின் கைப்பைக்குள் ஜனாவின் ஃபோன் அதிர்ந்தது.

“பேந்து பாப்பம். ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்கைப் பிடியுங்கோ.”

முன்னால் ஓர் ஓட்டோ. எதிர்த்திசையில் வந்து, எஞ்சினுக்குள் தண்ணீர் போய், வெள்ளம் தள்ளியதில் இடப்பக்க மதிலோடு சாய்ந்து நின்றது. மழைக்கு இறக்கிவிட்ட ரெக்சின் திரை உள்ளே இருப்பவரை மறைத்தது. முன்கண்ணாடியில் ‘பிறெடி’ என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது.

பிறெடியேதான் இடுப்பளவு நனைந்து ஓடிவந்தான். ஊர்ந்துகொண்டிருந்த ஜீப்போடு கூடவே நடந்து, ஜனாவின் பக்கக் கண்ணாடியில் தட்டினான்.

“அண்ணே, ஒரு கயிறு போட்டு இழுத்து விடுங்கண்ணே! உள்ள ஒரு ஆன்ட்டி. நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குப் போகணும். பேசவே மூச்சு வருதில்ல!”

ஜனாவின் கால் பிரேக்கைத் தேடியது.

ஜீப் ஓட்டோவை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. மிதுனா தன் பக்கக் கண்ணாடியில் படிந்த ஆவியைச் சால்வையால் துடைத்து, காற்றில் ஓரம் விலகிய ஓட்டோத் திரையைப் பார்த்தாள். பிறகு முன்னால் திரும்பிக்கொண்டாள்.

“நிப்பாட்டாதீங்கோ.”

“பாவம் மிதுனா. ஒருக்கா திருப்பி இழுத்து விட்டா...”

“தண்ணிக்குக் கீழ தார் றோட்டு. லோவைப் போட்டுக்கொண்டு வளைச்சுத் திருப்பினா, கியர்ப் பல்லெல்லாம் இறுகி உடையும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

“அப்ப அன்ரியையாவது எங்கட ஜீப்பில ஏத்துவம்.”

“கதவைத் திறந்தா தண்ணி உள்ள வரும். வெள்ளத்துக்க நிண்டா ஜீப் பேந்து எழும்பாது எண்டதும் நீங்கள்தான்.” அவள் தன் கையை அவன் கைமேல் வைத்தாள். ஒரு வருடமாக அவனைத் தொடாத கை. “பின்னால வேற ஆரும் வருவினம். நீங்கள் நேரா விடுங்கோ.”

ஜனா நேராக விட்டான்.

“கயிறு என்கிட்டயே இருக்குண்ணே! அண்ணே! ஆன்ட்டி செத்துருவாங்கண்ணே!” பிறெடியின் குரல் மழைக்குள் தேய்ந்தது. பக்கக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தான் ஜனா. பிறெடி ஓட்டோவைத் தனியாகத் தள்ளிக்கொண்டிருந்தான். பின்னால் வேறு ஒரு வாகனமும் வரவில்லை.

வெள்ளவத்தையில் அவர்கள் குடியிருந்த மாடிவீட்டு வாசலில் தண்ணீர் இல்லை. ஜனா ஜீப்பை நிறுத்தினான். லீவரைப் பழைய இடத்துக்குத் தள்ளினான். கியருக்குள் ஏறியிருந்த இறுக்கம் விட, ஒரு சாண் பின்னால் எடுத்தான். இறங்கிச் சுற்றிப் பார்த்தான். ஒரு கீறல்கூட இல்லை.

கீழ் வீட்டு றுஷ்னா குடையும் இல்லாமல் ஓடிவந்தாள்.

“நான் எத்தின கோல் எடுத்த தம்பி, ஏன் ஆன்சர் பண்ணல்ல? உங்கட அம்மாக்கு நெஞ்சப் பிடிச்சிட்டு. ஒரு வாகனமும் கிடைக்கல்ல. கடைசில நான்தான் கொட்டாஞ்சேன பிறெடிட ஓட்டோல ஏத்தி அனுப்பின. போய்ச் சேந்துட்டாங்களா?”

ஜனாவின் கையிலிருந்து திறப்பு விழுந்தது. ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கத்தினான்.

“மிதுனா! அந்த ஓட்டோவுக்குள்ள இருந்தது அம்மாவாம்!”

மிதுனா அவசரமில்லாமல் சீட் பெல்ட்டைக் கழற்றினாள்.

“தெரியும். எனக்குக் கை காட்டினவ.”