தடம் பார்த்து நடப்பவர்

ரூஜ் ஆறு ஏரியில் கலக்கும் சதுப்பின் ஓரம், பின்னேர வெயில் கோரைப்புல்லில் மஞ்சளாய் நிற்கிறது. போன கிழமைதான் யாழ்ப்பாணத்திலிருந்து, வெளிநாட்டில் இருக்கும் குடும்பத்திடம் வந்து சேர்ந்த குணநாயகம், மிதிவெடிக்குப் பயந்து பழகிய கால்களால், முன்னே போகும் மனைவி வதனாவின் சப்பாத்துத் தடங்களில் மட்டும் மிதித்து நடக்கிறார். அதைக் கண்டுவிட்ட அவள் தம்பி தீபன், வெறும் சிப்ஸ் பையை ஊதி அவர் முதுகுக்குப் பின்னால் அடித்து வெடிக்கவைக்கிறான். ஷெல் விழும்போது செய்வதுபோல, குணநாயகம் சேற்றில் குப்புற விழுந்து, சட்டைக் கொலரைக் கடித்தபடி காதைப் பொத்துகிறார். ஒரு நாரை எழும்பிப் பறக்கிறது. கூட வந்த பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். தீபன் வீடியோக் கமராவைத் தோளில் வைக்கிறான். "அத்தான், படம் பிடிபடேல்லை. இன்னொருக்கா!" குணநாயகம் எழும்பி மனைவியைப் பார்க்கிறார். அவர் முகத்துச் சேற்றை அவள் லேஞ்சியால் துடைத்துவிடுகிறாள். "பிள்ளையள் ஆசைப்படுதுகள், ஒருக்கா விழுந்து காட்டுங்கோவன்."