வாசலிலிருந்து ஐம்பது மீட்டர்

அவள் டேப்பைப் பிடித்து நிறுத்தினாள்.

நடந்துகொண்டிருந்த சர்வேயரை அது பின்னுக்கு இழுத்தது. திரும்பிப் பார்த்தார்.

பள்ளிக்கூடத்தின் பழைய தகரக் கேட்டில், கொண்டியோடு சேர்த்து டேப்பை அழுத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

"இங்க எவ்வளவு சார்?"

சர்வேயர் குனிந்து பார்த்தார். பார்க்காமல் இருக்க முடியவில்லை. தொழில் அப்படி.

"முப்பத்தொண்ணு பாயிண்ட் நாலு. ஆனா இது கணக்குல வராதும்மா. புதுக் கேட்டு வரைக்கும்தான் அளக்கணும்."

"அப்ப இது என்ன சார்?"

"பூட்டிக் கெடக்குல்லா. பூட்டிக் கெடந்தா அது வாசல் இல்லம்மா. மதிலு."

மதில்.

அந்த மதிலுக்குக் கொண்டி இருந்தது. கீல் இருந்தது. எதிரே ரோட்டில் வேகத்தடை இருந்தது. 'பள்ளிப் பகுதி, மெதுவாகச் செல்லவும்' என்று அரசாங்கமே நட்டுவைத்த பலகை இருந்தது.

தெருவின் பஜார் முனையில் பெட்ரோல் பங்க் வரப்போகிறது. பள்ளி வாசலிலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளி இருந்தால்தான் கட்டட அனுமதி. மனையை நகர்த்த முடியாது.

பங்க் முதலாளி வாசலை நகர்த்தினார்.

தெருவின் மறுமுனையில், வடக்கு மதிலை இடித்து, பைபாஸைப் பார்த்து ஒரு புது வாசல். மேலே வளைவு. வளைவில் அவருடைய அப்பா பெயர். நன்கொடை என்று சொன்னார்கள். தலைமையாசிரியை சால்வை போர்த்தினார். மறுநாள் பழைய கேட்டுக்குப் பூட்டு.

பதினைந்து நாளாகப் பிள்ளைகள் பைபாஸில் இறங்குகிறார்கள். அந்த ரோட்டில் நிற்கும் பலகையில் எண்பது என்று போட்டிருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை ஒரு லாரி, ஐந்தாம் வகுப்புப் பையனின் குடையைக் கொண்டுபோனது.

குடையை மட்டும்.

அவள் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. மகள் மூன்றாம் வகுப்பு. ஒன்பது மனு எழுதியிருந்தாள். ஒவ்வொன்றிலும் பொருள், பார்வை, நாள், இணைப்பு, எல்லாம் முறையாக. பூட்டைத் திறந்துவிடுங்கள் என்று கேட்டாள். முடியாதென்றால் அந்த வேகத்தடையையாவது பைபாஸில் போடுங்கள் என்று கேட்டாள்.

ஒன்றே ஒன்றுக்குப் பதில் வந்தது. பைபாஸில் வேகத்தடை அமைக்க விதிகளில் இடமில்லை. மனு முடித்து வைக்கப்பட்டது.

வாசல் நகரலாம். வேகத்தடை நகரக் கூடாது.

"யக்கா!"

பங்க் மனையின் எல்லைக்கல்லில் டேப்பின் மறுமுனையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த மேனேஜர் தங்கப்பழம் அங்கிருந்தே சத்தம் கொடுத்தார்.

"மனு எழுதி எழுதி ஒங்க கையெழுத்து அழகானதுதான் மிச்சம். டேப்ப விடுங்க, வெயில்ல எம் மண்டை வேகுது!"

அவள் விடவில்லை.

இன்னும் இருபத்தைந்து மீட்டர்தான். முனை திரும்பிப் புது வாசலைத் தொட்டால் ஐம்பத்தாறு. அதை எழுதிவிட்டால் பங்க்குக்கு அனுமதி. அதன்பிறகு இந்தப் பூட்டைத் திறக்க யாருக்கும் மனசு வராது.

சர்வேயர் கேட்டோரம் வந்து நிழலில் நின்றுகொண்டார். நோட்டைத் திறந்தார்.

"எனக்கும் மேல ஆள் இருக்காங்கம்மா. நா வெறும் தூரத்தத்தான் எழுதுதேன்."

"அதத்தான் சார் நானும் எழுதச் சொல்லுதேன்."

மணி அடித்தது. நாலு பத்து.

உள்ளே காலடிச் சத்தம். புது வாசல் பக்கம் போனது கொஞ்சம். மீதி இந்தப் பக்கம் வந்தது.

கேட்டுக்கு அடியில் ஒரு பை தலை நீட்டியது. யாரோ உள்ளிருந்து உதைத்ததில் முழுதாக வெளியே வந்து விழுந்தது. பின்னால் இன்னொன்று. ஒரு தண்ணீர் பாட்டில் உருண்டு வந்தது. பிறகு இரண்டு கைகள், எண்ணெய் வழியும் ஒரு தலை, ஒரு பையன். எழுந்து சட்டையைத் தட்டினான். பெரியவர்களைப் பார்த்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பறந்தான்.

அப்போதுதான் அவள் தரையைப் பார்த்தாள்.

கேட்டின் அடியில் மண் பள்ளம் விழுந்து, வழவழவென்று கிடந்தது. ஒரே நாளில் வருகிற வழவழப்பு இல்லை.

ஒன்பது மனுவிலும் அவள் இதை எழுதியிருக்கவில்லை. தெரிந்தால்தானே.

வந்து விழும் பைகளை எண்ணினாள். ஆறு. ஏழு. எட்டு. எல்லாம் சின்ன வகுப்பு. பெரிய பிள்ளைகளுக்கு உடம்பு நுழையாது. அவர்கள் பைபாஸுக்குப் போயிருப்பார்கள். வடக்கே ஒரு லாரி ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு போனது. அது தூரத்தில் தேய்கிறவரை அவள் வடக்கே பார்த்தபடி நின்றாள்.

ஒன்பதாவது பை பாதியில் நின்றது.

அதன் வாரைக் காலையில் சிவப்பு நூல் போட்டுத் தைத்தவள் அவள்தான். புது வாசலுக்கு உள்ளேயே நில்லு, அம்மா வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லி அனுப்பியவளும் அவள்தான்.

வார் மேல் சர்வேயரின் ஷூ இருந்தது. அவர் கவனிக்கவில்லை.

தகரத்துக்கு உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது, எரிச்சலோடு.

"யாரு காலு இது? எடுங்க. பை வரமாட்டேங்கு."

சர்வேயர் காலை எடுத்தார்.

பை நகர்ந்தது. ஒரு சின்னக் கை வெளியே வந்து மண்ணை ஊன்றியது. அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். தங்கப்பழம் என்னவோ கத்தினார். காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

பேனா மூடியைப் பல்லால் கழற்றினார். தூரம் என்ற கட்டத்தில் முதல் இலக்கத்தை எழுதினார்.

மூன்று.

பேனா அங்கேயே நின்றது.

கேட்டுக்கு அடியில் அடுத்த பை தலை நீட்டியது.